போர்முனையில் இருப்பவரின் பக்தி: பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?

மாலைவகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் கூடும் ஒரு வாசிப்பு வட்டத்தை நடத்தி வருகிறேன். பல மதத்துப் பிள்ளைகளும், மதமே வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளைகளும் கலந்துதான் உட்காருவார்கள். உலகப் போர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கேட்டாள்: "ரெண்டு பக்கமும் ஒரே சாமியைத்தானே கும்பிட்டாங்க, அப்ப சாமி யாரைக் காப்பாத்தும்?"

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது அதிபர் லிங்கனும் 1865 மார்ச் 4 அன்று, இரண்டாம் முறை பதவியேற்ற உரையில், ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். இரு தரப்பும் ஒரே பைபிளைப் படிக்கிறார்கள், ஒரே கடவுளிடம் வேண்டுகிறார்கள், ஒருவரை வீழ்த்த மற்றவர் அவர் துணையைக் கேட்கிறார்கள். இருவர் வேண்டுதலும் நிறைவேற வழியில்லை என்றார். அவளிடம் அதைச் சொன்னேன். "அவருக்கே தெரியலையா?" என்றாள். நியாயமான கேள்வி.

அடுத்த மாதம் ஒரு முழு அமர்வையே இதற்கு ஒதுக்கியிருக்கிறேன். போர்க்களத்தில் இருந்தவர்களின் இறைநம்பிக்கை, அது அவர்களுக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதுதான் பொருள். இதைப் பற்றி நான் கேட்ட மேடைப்பேச்செல்லாம் இரண்டே வகை. 'வேண்டிக்கொண்டான், தப்பித்தான்' என்று கைதட்டல் வாங்குவது ஒன்று. 'மதம்தான் எல்லாச் சண்டைக்கும் காரணம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது இன்னொன்று. இரண்டிலுமே அந்தச் சிப்பாயைக் காணோம். நீங்கள் என்றால் எப்படிப் பேசுவீர்கள்?

பழைய சிப்பாய் எழுதியது:

வணக்கம் ஆசிரியரே. காலாட்படையோடு மருத்துவ உதவியாளராக இருந்தவன் நான். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

பக்தி என்றதும் பிள்ளைகள் கூட்டு வழிபாட்டையும் கோஷத்தையும்தான் நினைப்பார்கள். எனக்கு நினைவிருப்பது ரோந்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய அரை மணி நேரம். யாரும் அதிகம் பேச மாட்டார்கள். ஒருவன் தலைக்கவசத்தின் உள்பட்டையில் மடித்துச் செருகிய தாளை விரலால் தொட்டுப் பார்ப்பான். எடுத்துப் படிக்க மாட்டான், இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பான். இன்னொருவன் உதடு அசையும், சத்தம் வராது. எந்தச் சாமியையும் நம்பாத ஒருவன் எங்களோடு இருந்தான். அவன் அந்த நேரத்தில் எல்லோருடைய தண்ணீர்க் குடுவையையும் வாங்கி நிரப்பிக்கொண்டிருப்பான். அந்த அரை மணியை அவன் கடந்த விதம் அது.

என்ன வேண்டிக்கொள்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? 'நாம் ஜெயிக்க வேண்டும்' என்று வேண்டியதாக என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. 'என் கை நடுங்கக் கூடாது', 'என் தப்பால் பக்கத்திலிருப்பவன் சாகக் கூடாது', 'அம்மாவுக்குத் தகவல் போகும்போது கூட யாராவது இருக்கணும்'. இப்படித்தான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுவேன். வேண்டினான், பிழைத்தான் என்று சொல்லவே சொல்லாதீர்கள். வேண்டியவனையும் வேண்டாதவனையும் நான் ஒரே ஸ்ட்ரெச்சரில்தான் தூக்கியிருக்கிறேன். உங்கள் அறையில் வீட்டு ஆளைப் பறிகொடுத்த ஒரு பிள்ளை இருக்கலாம். நீங்கள் அந்த வாக்கியத்தைச் சொன்னதும் அந்தப் பிள்ளை மனசுக்குள் கணக்குப் போடும்: அப்படியென்றால் எங்கள் அப்பா சரியாக வேண்டவில்லையா? அந்தக் கணக்கை அப்புறம் யார் வந்து அழிப்பது?

ஏடுபுரட்டி எழுதியது:

ஐயா சொன்னதற்குப் பக்கபலமாக வரலாற்றிலிருந்து இரண்டு.

முதலாவது அற்புதக் கதைகள் பற்றி. 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் மான்ஸ் என்ற ஊரில் பிரிட்டிஷ் படை பெரிய ஜெர்மன் படையைச் சந்தித்துப் பின்வாங்கியது. அடுத்த மாதம் 29-ஆம் தேதி லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் ஆர்தர் மேக்கன் ஒரு சிறுகதை எழுதினார். பழங்காலத்து வில்வீரர்களின் ஆவிகள் வந்து பிரிட்டிஷ் படையைக் காப்பாற்றுவதாகக் கற்பனை. தேவாலயப் பத்திரிகைகள் அதை மறுபடி அச்சிட அனுமதி கேட்டன. சில மாதங்களில் வில்வீரர்கள் தேவதைகளாக மாறினார்கள். 'நேரில் பார்த்த சிப்பாயைத் தெரிந்தவரை எனக்குத் தெரியும்' என்பவர்கள் பெருகினார்கள். அது நான் எழுதிய கதை என்று மேக்கன் எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை. பிள்ளைகள் ஊரைத் திட்டிவிட்டுப் போவதற்காக இதைச் சொல்ல வேண்டாம். பிள்ளையைப் போருக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த மக்களுக்கு அந்தக் கதை ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்று அவர்களையே யோசிக்க விடுங்கள்.

இரண்டாவது, 'பதுங்குகுழியில் நாத்திகன் இல்லை' என்ற பழமொழி. யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் இதைச் சொல்லும். இரண்டாம் உலகப் போரின்போது சாமுவேல் ஸ்டவுஃபர் தலைமையில் ஒரு குழு அமெரிக்கச் சிப்பாய்களிடம் பெரிய அளவில் கருத்துக் கேட்டது. முடிவுகள் 1949-இல் வெளிவந்தன. சண்டை மோசமானபோது பிரார்த்தனை கைகொடுத்தது என்று மிகப் பலர் சொன்னார்கள். கூட இருப்பவர்களைக் கைவிடக் கூடாது என்ற எண்ணம் கைகொடுத்ததாகவும் ஏராளமானோர் சொன்னார்கள். எதிரி மேல் உள்ள வெறுப்பைச் சொன்னவர்கள் அவர்களைவிடக் குறைவு. இதிலிருந்து தெரிவது பயத்தில் மனிதர்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது. கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்குக்கு இதைச் சாட்சியாக இழுக்க முடியாது. எந்தப் பக்கத்துக்கும்தான்.

தீக்கனல் எழுதியது:

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். இங்கே எல்லோரும் மென்மையாகப் பேசுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் ஒரு பெரிய விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள்.

சிப்பாய் தனியாக உட்கார்ந்து உதடு அசைப்பதோடு இது முடிவதில்லை. அவன் கிளம்புவதற்கு முன்பே அவனுடைய நம்பிக்கையை வேறு யாரோ கையில் எடுத்துவிடுகிறார்கள். ஜெர்மன் சிப்பாயின் இடுப்புப் பட்டைக் கொக்கியில் 'கடவுள் நம்மோடு' என்று பொறித்திருந்தது. முதல் உலகப் போரிலும் இருந்தது, ஹிட்லரின் தரைப்படையிலும் இருந்தது. 1914 நவம்பரில் துருக்கியின் முஸ்லிம் அரசான ஒட்டோமான் பேரரசு புனிதப் போர் என்று அறிவித்தது. அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் பிரிட்டனுக்காக ஆயிரக்கணக்கான முஸ்லிம் சிப்பாய்கள் நின்றார்கள். அந்தச் சிப்பாய் யாருடைய பேச்சைக் கேட்பான்? ஐரோப்பாவின் தேவாலயங்களில் இரு பக்கமும் ஆயுதங்களுக்கு ஆசீர்வாதம். ஜப்பானில் ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு தையல் போட்ட துணிப்பட்டையை மகனின் இடுப்பில் கட்டி அனுப்பினார்கள். அந்த அம்மாக்களின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பும் பக்தியும் அரசாங்கத்துக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவது சரியா? இன்னும் இரண்டு வருடத்தில் அதே பிள்ளையிடம் யாரோ வந்து 'இது தர்மயுத்தம்' என்று சொல்லப் போகிறார்கள்.

பதுங்குகுழிப் பழமொழியைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. சாமி கும்பிடாமலே சண்டை போட்டுச் செத்த எத்தனையோ பேருக்கு அது அவமரியாதை.

ஏடுபுரட்டி எழுதியது:

தீக்கனல், நீங்கள் சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. எல்லாம் நடந்தவை. அமர்வில் கட்டாயம் வர வேண்டியவை. ஆனால் அதே நம்பிக்கை அதிகாரிக்கு முன்னால் நின்று 'மாட்டேன்' என்றும் சொல்லியிருக்கிறது.

1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. நெற்றியில் குறியிடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று கம்பெனி படை உத்தரவு போட்டது. இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் சேர்ந்தே எழுந்தார்கள். வேறு காரணங்களும் இருந்தன, சிறையிருந்த திப்புவின் குடும்பமும் அதே கோட்டையில்தான் இருந்தது. ஆனாலும் நம்பிக்கையில் கை வைத்ததுதான் நெருப்புப் பொறி. முடிவு இரு பக்கமும் ரத்தம். கிளர்ச்சியை அடக்கியபோது நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

இன்னொருவர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். ஆஸ்திரிய விவசாயி, கத்தோலிக்கர். ஹிட்லருக்காகத் துப்பாக்கி தூக்க முடியாது என்றார். காயம்பட்டவர்களைக் கவனிக்கும் வேலை என்றால் செய்கிறேன் என்றும் சொன்னார், ஏற்கவில்லை. அவருடைய ஆயரே (பிஷப்) 'குடும்பத்தை நினைத்துப் பார்' என்றார். மனைவி, சின்னஞ்சிறு மகள்கள் இருந்தார்கள். 1943 ஆகஸ்ட் 9 அன்று தலையைத் துண்டித்தார்கள். 2007-இல் அதே திருச்சபை அவரை அருளாளராக அறிவித்தபோது மனைவி உயிரோடு இருந்து அந்த நிகழ்ச்சியில் கலந்துகொண்டார். அத்தனை வருடம் அந்தப் பெண் ஊராரின் பேச்சைத் தாங்கியதைப் பிள்ளைகளிடம் சொல்ல மறந்துவிடாதீர்கள். அவருடைய நம்பிக்கையின் விலையில் பாதியைச் செலுத்தியது அந்த வீடு.

டெஸ்மண்ட் டாஸை நிறையப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். ஆயுதத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு மருத்துவப் பிரிவில் போனவர். 1945 மே மாதம் ஒகினாவாவில் ஒரு செங்குத்துச் சரிவிலிருந்து ஏறக்குறைய 75 பேரைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பயிற்சிக் காலத்தில் அவரைக் கேலி செய்து, துரத்திவிடப் பார்த்ததும் அமெரிக்கப் படையே. டாஸின் நம்பிக்கை கொல்லாதே என்றது, படைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. யேகர்ஷ்டேட்டரின் நம்பிக்கை இந்தப் போரில் சேராதே என்றது. இருவரும் ஒரே வேதத்தைப் படித்தவர்கள். இந்த இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலே பிள்ளைகள் மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

நீலக்குறிஞ்சி எழுதியது:

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதுகிறேன்.

என் அப்பா போர்முனையிலிருந்து உயிரோடு திரும்பினார். கை கால் எல்லாம் முழுசாக. போவதற்கு முன்னால் தினமும் விடியற்காலையில் எழுந்து வழிபடுவார். நாங்கள் கண் விழிப்பதே அவர் குரலில்தான். திரும்பி வந்த பிறகு அந்தக் குரல் வரவில்லை. வீட்டு விசேஷங்களுக்கு வழிபாட்டுத் தலம் வரைக்கும் வருவார், செருப்பைக் கூடக் கழற்றாமல் வெளியிலேயே நிற்பார். சொந்தக்காரர்கள் 'சாமி காப்பாத்திக் கொண்டுவந்து சேர்த்தது, அதுக்கு நன்றி இல்லையே' என்பார்கள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார்.

நான் வளர்ந்த பிறகு ஒருநாள் கேட்டேன், நம்பிக்கை போயிடுச்சா அப்பா என்று. "நம்பிக்கை போகலம்மா. உள்ளே போக முகம் இல்லை" என்றார். அங்கே என்ன நடந்தது என்று அப்போதும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களோடு வேலை செய்த ஜொனதன் ஷே என்ற மனநல மருத்துவர் இதைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். பயத்தால் மனதில் வரும் பாதிப்பு வேறு. சரி என்று காலமெல்லாம் நம்பியதற்கு விரோதமாக ஒன்றைச் செய்துவிட்டதால், அல்லது மேலே உள்ளவர்கள் செய்ததைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டதால், மனசாட்சியில் விழும் காயம் வேறு. எனக்குத் தோன்றுவது, பக்தி உள்ளவர்களுக்கு இந்தக் காயம் சில நேரம் இன்னும் ஆழமாக விழுகிறது. கணக்குக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவர்கள் அல்லவா அவர்கள்.

ஆசிரியரே, பக்தியால் பலம் பெற்றவர்களைப் பற்றிப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியிலேயே நின்றுவிட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் பக்தி உள்ளவர்கள்தான்.

பழைய சிப்பாய் எழுதியது:

அம்மா, உங்கள் அப்பாவைப் போல எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். எழுதியதற்கு நன்றி.

பதினேழு எழுதியது:

நான் பள்ளியில் படிக்கிறேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் எழுதுகிறேன்.

பெரியவர்கள் பேசும்போது எங்களுக்கு முடிவு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. கதை ஆரம்பிக்கும்போதே, ஆங், இது கடைசியில் 'ஆகவே மாணவர்களே' என்று முடியப் போகிறது என்று தெரிந்தால் காது மூடிக்கொள்ளும். முடிவு தெரியாத கதை சொல்லுங்கள். யேகர்ஷ்டேட்டர் கதையைப் படித்ததிலிருந்து எனக்கு அவர் மேல் கோபமாகவும் இருக்கிறது, மரியாதையாகவும் இருக்கிறது. மகள்களை விட்டுவிட்டுப் போவது சரியா? எனக்குத் தெரியவில்லை. யாரும் எனக்குப் பதில் சொல்லிவிடாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

அப்புறம், நாங்கள் ஏதாவது முரட்டுத்தனமாகக் கேட்டால் திட்டாதீர்கள். "அவங்க ஏன் ஓடிப் போகலை?" என்று என் வகுப்பில் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், ஆசிரியர் உட்காரச் சொன்னார். அவனுடைய அண்ணன் படையில் இருக்கிறான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் நிஜமாகவே கேட்டான்.

மாலைவகுப்பு எழுதியது:

பதினேழு, உன் பதிவைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். அமர்வை எதிலிருந்து தொடங்குவது? போரின் பெயர், ஆண்டு, தளபதி என்று ஆரம்பித்தால் அது வரலாற்று வகுப்பாகிவிடும். 'நம்பிக்கை என்றால் என்ன' என்று ஆரம்பித்தால் பிரசங்கம் ஆகிவிடும். கையில் பிடித்துக் காட்டுகிற மாதிரி ஒரு பொருள் இருந்தால் நல்லது.

ஏடுபுரட்டி எழுதியது:

பொருள் இருக்கிறது. கழுத்தில் தொங்கும் அடையாளத் தகடு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாயின் தகட்டில் பெயர், எண், ரத்த வகை போன்றவற்றோடு மதத்துக்கு ஒரே ஒரு எழுத்து அடித்திருப்பார்கள். கத்தோலிக்கருக்கு ஒன்று, புராட்டஸ்டண்டுக்கு ஒன்று, யூதருக்கு ஒன்று. பௌத்தர்களுக்கு எழுத்தே கிடையாது, அந்தப் படையில் பௌத்தக் குடும்பத்து ஜப்பானிய அமெரிக்கர்கள் போரிட்டுச் செத்த காலத்திலும். செத்தால் யார் முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று காட்டுவதற்காக வைத்த எழுத்து அது. ஆனால் ஐரோப்பாவில் நாஜிகள் கையில் பிடிபட்டால் யூதச் சிப்பாய்க்கு அதே எழுத்து மரண ஓலை. சிலர் தகட்டைத் தூக்கி எறிந்தார்கள், சிலர் வேறு எழுத்து அடித்து வாங்கினார்கள், சிலர் அப்படியே போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு அட்டையில் தகட்டை வரைந்து கொடுத்து, 'நீ என்றால் என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். போதும்.

அதிலிருந்து நேராக ராடி எட்மண்ட்ஸுக்குப் போகலாம். 1945 ஜனவரி, ஜெர்மனியில் ஒரு போர்க்கைதி முகாம். அங்கே அமெரிக்கக் கைதிகளில் மூத்தவர் இவர், சார்ஜன்ட், பக்தியுள்ள கிறிஸ்தவர். நாளைக் காலை யூதர்கள் மட்டும் வெளியே வந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு. விடிந்ததும் எல்லாக் கைதிகளும், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், வரிசையில் நின்றார்கள். முகாம் அதிகாரி கத்தினான், இவர்கள் எல்லோரும் யூதர்களாக இருக்க முடியாதே என்று. "இங்கே நாங்கள் எல்லோரும் யூதர்கள்தான்" என்றார் எட்மண்ட்ஸ். துப்பாக்கி நெற்றிக்கு வந்தது. ஜெனீவா ஒப்பந்தப்படி பெயர், பதவி, எண் மூன்றைத்தான் நாங்கள் சொல்ல வேண்டும். சுடுவதென்றால் எங்கள் எல்லோரையும் சுட வேண்டியிருக்கும், போர் முடிந்ததும் நீ விசாரணைக்கு நிற்க வேண்டியிருக்கும் என்றார். அதிகாரி திரும்பிப் போய்விட்டான். ஏறக்குறைய இருநூறு யூதர்கள் பிழைத்தார்கள். ஊர் திரும்பிய எட்மண்ட்ஸ் இதை வீட்டில் சொல்லவே இல்லை. 1985-இல் இறந்தார். மகன் பல வருடம் கழித்துத் தேடிக் கண்டுபிடித்த பிறகு, 2015-இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் அவரைக் கௌரவித்தது.

இதில் அதிசயமாக எதுவும் நடக்கவில்லை என்பதால்தான் எனக்கு இது பிடிக்கிறது. வானத்திலிருந்து யாரும் இறங்கவில்லை. ஒரு மனிதன் தன் நம்பிக்கையை வைத்துக்கொண்டு அந்தக் காலையில் என்ன செய்தான் என்பது மட்டும் தெரிகிறது. பிள்ளைகளிடம் நாம் பேச வேண்டியதும் அந்த அளவுதான் என்று நினைக்கிறேன்.

நேரம் இருந்தால் பிரைட்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக இங்கிலாந்தில் ஒரு அரண்மனையை மருத்துவமனை ஆக்கினார்கள். ஒன்பது சமையலறைகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்களை ஊருக்கு வெளியே புல்வெளிக் குன்றில் தகனம் செய்தார்கள். 53 பேரைத் தகனம் செய்த அந்த இடத்தில் 1921-இல் எழுப்பிய நினைவு மண்டபம் இன்றும் இருக்கிறது. முஸ்லிம்களை வோக்கிங் மசூதிக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். பிரான்சின் நெவ் ஷப்பேல் நினைவிடத் தூணில் 'கடவுள் ஒருவரே, வெற்றி அவருடையதே' என்ற பொருளில் ஆங்கிலம், அரபு, இந்தி, குருமுகி எழுத்துகளில் வாசகங்கள் இருக்கின்றன.

தீக்கனல் எழுதியது:

எட்மண்ட்ஸ் கதை தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

பிரைட்டன் விஷயத்தில் ஒன்றைச் சேருங்கள். அந்த ஒன்பது சமையலறைகளைப் படம் பிடித்து, அஞ்சலட்டை போட்டு, 'பார், உங்கள் மதத்தை எவ்வளவு மதிக்கிறோம்' என்று பரப்பினார்கள். புதிதாக ஆள் சேர்க்க வேண்டியிருந்தது, கலகம் வந்துவிடக் கூடாது என்ற பயம் இருந்தது. சிப்பாய்களுக்குக் கிடைத்த மரியாதை நிஜம், அதற்குப் பின்னால் இருந்த கணக்கும் நிஜம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் புரியும்.

என் கவலை வேறு: அமர்வுக்கு மதகுரு யாரையாவது கூப்பிடப் போகிறீர்களா? அப்படி என்றால் எனக்கு ஒப்புதல் இல்லை. அவர் பேசினால் அது அவர் மதத்தின் கூட்டமாகிவிடும்.

பழைய சிப்பாய் எழுதியது:

தம்பி, ராணுவ மதகுருமார்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்திய ராணுவத்தில் பண்டிட், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் என்று எல்லோரும் அந்தந்தப் படைப்பிரிவுக்கு ஏற்றபடி உண்டு. பல முகாம்களில் எல்லா மதத்துக்கும் ஒரே வளாகம்தான். நெதர்லாந்து படையில் மதம் சாராத மனிதநேய ஆலோசகர்களும் இருக்கிறார்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தம் மதகுருவைத் தனியாகப் பாதுகாக்கிறது: எதிரி கையில் சிக்கினால் அவர் போர்க்கைதி ஆகமாட்டார், கைதிகளுக்கு ஊழியம் செய்ய அவரை அனுமதிக்க வேண்டும். கைதிகளுக்கும் வழிபடும் உரிமை உண்டு.

அவர்களில் நல்லவர்கள் போதிக்கிற வேலையை அதிகம் வைத்துக்கொள்வதில்லை. ஜெஃப்ரி ஸ்டடர்ட் கென்னடி என்று ஒரு பிரிட்டிஷ் பாதிரியார், முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு சிகரெட் கொடுத்துக்கொண்டு முன்வரிசை வரை போனவர். 1917-இல் மெசீன் சண்டையில் காயம்பட்டவர்களுக்காகக் குண்டு மழையில் ஓடியதற்குப் பதக்கம் கிடைத்தது. ஆரம்பத்தில் போருக்கு ஆதரவாகப் பேசியவர், பார்த்ததை எல்லாம் பார்த்துவிட்டுப் பின்னாளில் போரை வெறுத்துப் பேசினார். நான்கு மதகுருமார் கதையும் உண்டு. 1943 பிப்ரவரி 3, டார்செஸ்டர் என்ற கப்பல் கிரீன்லாந்துக்கு அருகே தாக்கப்பட்டு மூழ்கியது. இரண்டு புராட்டஸ்டண்ட், ஒரு கத்தோலிக்கர், ஒரு யூத ரபி. தங்கள் மிதவைச் சட்டைகளைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் போட்டுவிட்டார்கள். கப்பலில் இருந்த 900 பேரில் சுமார் 230 பேர்தான் பிழைத்தார்கள். யாருக்குக் கொடுக்கிறோம், அவன் எந்த மதம் என்று அந்த இருட்டில் கேட்க நேரமில்லை.

உங்கள் அமர்வுக்கு மதகுரு வேண்டாம் என்ற கருத்தில் எனக்கும் சம்மதமே. படையிலிருந்து ஓய்வு பெற்றவர் யாரையாவது கூப்பிடுவதாக இருந்தால் முன்கூட்டியே அவரிடம் பேசிவிடுங்கள். 'எத்தனை பேரைக் கொன்றீங்க?' என்று ஒரு பிள்ளை கேட்கத்தான் செய்யும். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். படையில் ஆள் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு முந்தின நாளே விஷயத்தைச் சொல்லுங்கள். வர விருப்பமில்லை என்றால் வராமல் இருக்கட்டும். நடுவில் எழுந்து வெளியே போனால் பின்னாலேயே ஒரு ஆள் போகட்டும், கேள்வி எதுவும் கேட்காமல் பக்கத்தில் நிற்பதற்கு மட்டும்.

நீலக்குறிஞ்சி எழுதியது:

அந்த ஆளாக நான் வருகிறேன், ஆசிரியர் விரும்பினால். பேச என்னிடம் ஒன்றும் இல்லை. வெளியே நிற்க எனக்குத் தெரியும்.

பதினேழு எழுதியது:

பாதியில் விட்ட கேள்விகளை எழுதி வைக்க ஒரு பலகை வையுங்கள். அமர்வு முடிந்ததும் அழிக்காதீர்கள். அடுத்த வாரம் வந்து பார்ப்போம்.

மாலைவகுப்பு எழுதியது:

நீலக்குறிஞ்சி அம்மா, கட்டாயம் வாருங்கள். விவரங்களைத் தனிமடலில் அனுப்புகிறேன்.

மற்றவர்களுக்கு, இப்போதைக்கு என் திட்டம் இது. தகடு வரைந்த அட்டையை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுத் தொடங்குகிறேன். மத எழுத்துக்கான இடம் காலியாக இருக்கும், நிரப்புவதும் விடுவதும் அவரவர் இஷ்டம், யாரும் காட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு எட்மண்ட்ஸ். அடுத்து டாஸும் யேகர்ஷ்டேட்டரும் பக்கத்துப் பக்கத்தில், யார் செய்தது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இடுப்புப் பட்டைக் கொக்கியும் ஒட்டோமான் அறிவிப்பும் தீக்கனல் சொன்ன வரிசையிலேயே வரும். அவற்றை மழுப்ப மாட்டேன். வேலூரைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன், அவசரமாகச் சொன்னால் கெட்டுவிடும். நான்கு மதகுருமாரை இந்த முறை விட்டுவிடுகிறேன். நல்ல கதைதான், ஆனால் இத்தனையையும் ஒரே மாலையில் அடுக்கினால் எதுவும் மனதில் நிற்காது.

நம்பிக்கையை இழந்தவர்கள், வாசலிலேயே நின்றுவிட்டவர்கள் பற்றிய பகுதியை எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. யாருடைய அப்பாவையும் உதாரணமாக்க விருப்பமில்லை. ஏடுபுரட்டி, முதல் உலகப் போரில் பிரான்சிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களைத் தணிக்கை அலுவலகம் மொழிபெயர்த்து வைத்ததாகவும், அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பதாகவும் வேறொரு இழையில் சொல்லியிருந்தீர்கள். அவற்றில் கடவுளிடம் கோபப்பட்டோ மனம் விட்டோ எழுதிய பகுதி ஏதாவது கண்ணில் பட்டிருந்தால் அனுப்புங்கள். இரண்டு வரி இருந்தாலும் போதும், பிள்ளைகளில் ஒருவரையே வாசிக்கச் சொல்கிறேன்.

ஏடுபுரட்டி எழுதியது:

தேடுகிறேன். தணிக்கை அதிகாரி பார்ப்பார் என்று தெரிந்தே எழுதியவை அவை, அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன்.